லிஃப்ட் செய்த ஜேகே ஜீப்: டிராப் பிட்மேனா, டிராக் லிங்க் ஃபிளிப்பா, தடித்த டை ராடா, ஹைட்ராலிக்கா?

ஜீப் ராங்ளர் ஜேகேயை (2007 முதல் 2018 வரை வந்த மாடல்) மூன்றரை அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயரும் மாட்டியாயிற்று. இப்போது நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போக மறுக்கிறது, இனி எதை வாங்குவது? இதற்குச் சந்தையில் நாலு பதில் கிடைக்கும்: டிராப் பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் ஃபிளிப், தடித்த டை ராட், ஹைட்ராலிக் அசிஸ்ட். நாலையும் ஒரே வரிசையில் வைத்து விலை பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் முதல் இரண்டும் கோணத்தைச் சரிசெய்பவை, மூன்றாவது பலம் தருவது, நாலாவது விசை தருவது. என் கட்சி இதுதான்: கோணம் முதலில், தடிமன் அப்புறம், விசை கடைசியில்.

கோணம் என்று எதைச் சொல்கிறேன்? ஓட்டுநர் இடதுபுறம் உட்காரும் அமெரிக்க வண்டியை வைத்தே பார்ப்போம். ஸ்டீயரிங் பாக்ஸ் இடது சேசிஸில் இருக்கிறது, அதன் அடியில், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஆடும் கை போன்ற பிட்மேன் ஆர்ம். அங்கிருந்து டிராக் லிங்க் என்ற நீண்ட கம்பி குறுக்கே வந்து வலது நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்தை) தள்ளுகிறது, இரண்டு நக்கிள்களையும் டை ராட் இணைக்கிறது. ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துக்கொள்வது பான்ஹார்ட் ராட், ஒரு முனை இடது சேசிஸில், மறுமுனை ஆக்சிலின் வலதுபுறம். (அமெரிக்காவில் இதை ட்ராக் பார் என்பார்கள், டிராக் லிங்க்கோடு குழம்பும் என்பதால் பான்ஹார்ட் என்றே எழுதுகிறேன்.) டிராக் லிங்க்கும் பான்ஹார்டும் இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளமாகவும் இருந்தால், குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரி வளைவில் போகும், ஸ்டீயரிங் அசையாது. அந்த இணை கெட்டால் ஆக்சில் நகரும் அளவு ஒன்று, டிராக் லிங்க் நகரும் அளவு வேறொன்று, நீங்கள் திருப்பாமலேயே வண்டி திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லிஃப்ட் போட்டால் இரண்டும் சேர்ந்தே கூடுதலாகச் சாய்கின்றன, ஆகவே இணை உடனே கெட்டுவிடுவதில்லை. கெடுவது வேறு: பான்ஹார்ட் எவ்வளவு சாய்கிறதோ, ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஆக்சில் அவ்வளவு அதிகமாகப் பக்கவாட்டில் நகரும். இரண்டரை அங்குல லிஃப்டில் இது பெரிய தொந்தரவு இல்லை. நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ஒன்றைப் போட்டு, இடதுபுறம் தள்ளிப்போன ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும், அந்த உயரத்தில் ஃபிளிப்புக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம்.

சரி, டிராப் பிட்மேன் ஆர்ம். நாலிலும் மலிவு, பழைய ஆர்மைக் கழற்ற ஒரு புல்லர் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். டிராக் லிங்க்கின் சேசிஸ் பக்க முனையைக் கீழே இறக்குகிறது, அதனால் டிராக் லிங்க் மட்டும் தட்டையாகிறது, பான்ஹார்ட் பழைய சாய்விலேயே நிற்கிறது. அதாவது லிஃப்ட் கெடுக்காத இணையை இந்த ஆர்ம் கெடுக்கிறது! சேசிஸ் பக்கம் பான்ஹார்டையும் அதே அளவு இறக்கும் பிராக்கெட்டோடு சேர்ந்து வந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. அப்படிப் போட்டாலும் இரண்டு குறைகள் மிஞ்சும். ஆர்ம் கீழே நீள நீள ஸ்டீயரிங் பாக்ஸின் செக்டர் ஷாஃப்டை (ஆர்ம் மாட்டியிருக்கும் தண்டை) முறுக்கிச் சாய்க்கும் சுமை கூடுகிறது. பான்ஹார்ட் இறங்குவதால் ரோல் சென்டரும் (வளைவில் வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்குகிறது, ஏற்கெனவே உயர்ந்துவிட்ட வண்டி வளைவில் இன்னும் அதிகமாகச் சாயும். தனியாக ஒரு டிராப் பிட்மேனை வாங்கி ஜேகேயில் மாட்டாதீர்கள், யார் சொன்னாலும் வேண்டாம்.

அதே வேலையை மறுமுனையிலிருந்து செய்வதுதான் டிராக் லிங்க் ஃபிளிப். நக்கிளின் அடியில் மாட்டியிருக்கும் டிராக் லிங்க் முனையை நக்கிளின் மேலே கொண்டுவருகிறோம், பான்ஹார்டின் ஆக்சில் பக்க முனையையும் புது பிராக்கெட் வைத்து உயர்த்துகிறோம். இரண்டும் தட்டையாகின்றன, இணையும் நிற்கிறது. பிட்மேன் ஆர்மைத் தொடவே இல்லை, அதனால் பாக்ஸுக்குக் கூடுதல் சுமை கிடையாது. பான்ஹார்ட் உயர்ந்ததால் ரோல் சென்டர் உயர்கிறது, வளைவில் வண்டி குறைவாகச் சாய்கிறது. லிஃப்ட் போட்ட வண்டியில் பறிபோன நிதானத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது நாலில் இது ஒன்றுதான், அதனால்தான் மூன்றரை அங்குலமோ அதற்கு மேலோ போன ஜேகேக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆனால் வேலை சுலபமில்லை. நக்கிளில் கூம்பாக இருக்கும் துளையை நேர்த் துளையாகக் குடைந்து, எதிர்த் திசையில் கூம்பு அமைந்த ஸ்லீவை உள்ளே இறக்க வேண்டும். ஒருமுறை குடைந்தால் அந்த நக்கிளுக்குப் பழைய நிலை கிடையாது. கையில் பிடித்த டிரில் ஆடி, துளை கொஞ்சம் முட்டை வடிவமானால் ஸ்லீவ் ஆடும், ஸ்லீவ் ஆடினால் ஸ்டீயரிங் ஆடும். கை நிதானம் இல்லாதவர்கள் நக்கிளைக் கழற்றி நல்ல பட்டறையில் கொடுத்துவிடுவது உத்தமம். உயர்த்திய பான்ஹார்ட் பிராக்கெட்டில் விசை நெம்புகோல் போல் வேலை செய்யும், போல்ட்டை மட்டும் நம்பாமல் ஆக்சிலோடு வெல்டு வைத்துவிடுங்கள். இன்னொன்று, மேலே வந்த டிராக் லிங்க்குக்கு ஆக்சில் ஏறும்போது இடம் வேண்டும். லிஃப்ட் குறைவாக இருந்தாலோ பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலே ஏறுவதற்கு எல்லை வைக்கும் தடுப்பை) நீட்டாமல் விட்டாலோ அது எங்காவது போய் இடிக்கும்.

தடித்த டை ராட் வேறு கதை. ஜேகேயின் டை ராட் ஆக்சிலுக்கு முன்னால் தாழ்வாகத் தொங்குகிறது. கலிபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் மாதிரி பாறைமேல் பாறையாகக் கிடக்கும் இடத்தில் கல் முதலில் அடிப்பது அதைத்தான். கம்பெனி ராட் வளைந்தால் டோ கெடும், முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும், அப்படியே வீட்டுக்கு ஓட்டிவர முடியாது. ஒன்றரை அங்குல விட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட எஃகுக் குழாய் ராட் வளைவது அபூர்வம், ஆனால் வளைந்தால் வளைந்ததுதான். 7075 என்ற உறுதியான வகை அலுமினிய ராட் அடி வாங்கும்போது வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்கிறது, எடையும் குறைவு. பாறை ஏறுபவர்களுக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கே. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள், எஃகு மரையும் அலுமினிய மரையும் உப்பில் அரித்து ஒன்றோடொன்று இறுகிப் போகும். மாட்டும்போதே மரையில் ஆன்டி சீஸ் (இறுகாமல் காக்கும் பசை) தடவி வையுங்கள், இல்லையென்றால் பின்னால் டோ வைக்கவே முடியாது.

முனைகளுக்கு ஹைம் ஜாயின்டா (உறையில்லாத உலோகப் பந்து மூட்டு), வழக்கமான டை ராட் எண்டா என்ற சண்டை நீண்டது. தினமும் சாலையில் ஓட்டுகிற வண்டி என்றால் ரப்பர் உறை போட்டு கிரீஸ் அடிக்கிற டை ராட் எண்டே போதும், ஹைம் சேற்றிலும் மணலிலும் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும்.

பலமான ராட் போட்டால் அடி காணாமல் போவதில்லை, அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகிறது: பால் ஜாயின்ட், நக்கிள், செக்டர் ஷாஃப்ட். நேராகப் போகாத வண்டியை ராட் நேராக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எதிர்பார்ப்போடுதான் நிறையப் பேர் காசு கொடுக்கிறார்கள்.

ஹைட்ராலிக் அசிஸ்டில் ஸ்டீயரிங் பாக்ஸில் இரண்டு துளை போட்டு, அங்கிருந்து எண்ணெயைக் குழாயில் எடுத்து, ஆக்சிலுக்கும் டை ராடுக்கும் நடுவே ஒரு ராமை (எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் சிலிண்டரை) தள்ள வைக்கிறோம். முன் டிஃப்பரன்ஷியலை லாக் செய்து, காற்றைக் குறைத்த 37 அல்லது 40 அங்குல டயர் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கியிருக்கும்போது பாக்ஸ் மட்டும் தனியாக அதைத் திருப்பத் திணறும், அங்கே ராம் இருந்தால் கை வலிக்காது, செக்டர் ஷாஃப்டும் பிழைக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங் பம்ப் போதுமான எண்ணெய் தர வேண்டும், இல்லையென்றால் ஐடிலில் ஸ்டீயரிங் கனக்கும், கூலரும் தேவைப்படும். மொத்தச் செலவு எளிதாக ஆயிரம் டாலரைத் தாண்டும். யூட்டாவின் மோவாபில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் மாதிரி பாதையில் 35 அங்குல டயரோடு போகிறவருக்கு இது கட்டாயமே இல்லை.

ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. டெத் வாபிள் (முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் நடுங்குவது) வந்த வண்டிக்குப் பெரிய டேம்பர் போட்டால் நடுக்கம் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், காரணம் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் அது பான்ஹார்ட் போல்ட். ஜேகேயில் 14 மில்லிமீட்டர் போல்ட் சற்றே பெரிய துளையில் உட்கார்ந்திருக்கிறது, தளர்ந்து ஓடினால் துளை முட்டையாகிவிடும். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது 125 அடி-பவுண்டு இறுக்க வேண்டும். துளை போய்விட்டால் 9/16 அங்குலத்துக்குக் குடைந்து பெரிய போல்ட் போடலாம். இஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதும் லேசாக ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு முனையாகக் கையால் தொட்டுப் பாருங்கள், எது ஆடுகிறது என்று விரலிலேயே தெரிந்துவிடும். அலைன்மெண்ட் ஷீட்டில் காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணத்தையும்) பாருங்கள். லிஃப்ட் அதைக் குறைத்துவிடும், நாலு டிகிரிக்குக் கீழே போயிருந்தால் வண்டி அலைவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கலாம், அதற்கு வேண்டியது ஆக்சிலை சேசிஸோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம், ஸ்டீயரிங் பாகம் எதுவுமில்லை.

எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் டிராக் லிங்க்கிலுள்ள சரிசெய்யும் ஸ்லீவைத் திருகி ஸ்டீயரிங் வீலை நடுவில் நிறுத்துங்கள். வீல் கோணலாக இருந்தால் வண்டி திரும்புகிறது என்று ஈஎஸ்பி (சறுக்கலைத் தடுக்கத் தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு) நினைத்துக்கொண்டு, நேரான சாலையிலேயே பிரேக் பிடிக்கும். ஃபிளிப் செய்தவர்கள் அதற்கும் முன்னால் முன்பக்க ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஆக்சிலை பம்ப் ஸ்டாப் வரை ஜாக்கில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டிராக் லிங்க் எதிலும் உரசவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறக்க வேண்டும்.