டிவியில் படம் வருகிறது, போனில் வரவில்லை: என்விஆரும் வீட்டு நெட்வொர்க்கும், பல ஆண்டுப் பயன்பாட்டில்

நான்கு 4 மெகாபிக்சல் கேமரா, போஇ போர்ட்டுகள் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுப்பவை) உள்ள எட்டு சேனல் ஹிக்விஷன் என்விஆர் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), உள்ளே 2 டிபி சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க். தனி வீடுகளிலும் சிறு கடைகளிலும் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அமைப்பு இது. ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தால் நாளுக்குச் சுமார் 43 ஜிபி. நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ பதினொரு நாள் ரெக்கார்டிங் நிற்கும். அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது. லென்ஸோ டிஸ்க்கோ தருகிற தொல்லை குறைவு. அவற்றைப் போய்ச் சேரும் வழிதான் திரும்பத் திரும்ப அடைபடுகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண் முகவரி.

சோதனையைப் போனில் உள்ள கேமரா நிறுவனத்தின் ஆப்பிலிருந்து தொடங்க வேண்டாம். ஆப்பில் 'டிவைஸ் ஆஃப்லைன்' என்று வந்தால், நிறுவனத்தின் சர்வரோடு என்விஆருக்குத் தொடர்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முதலில் என்விஆரின் எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு டிவியை மாட்டுங்கள். நான்கு படமும் தெரிந்தால் கேமரா, கேபிள், என்விஆர் மூன்றும் சரி. கோளாறு என்விஆருக்கும் ரவுட்டருக்கும் நடுவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தால் அந்தக் கேமராவின் பக்கம் போகலாம். இதைச் செய்யாமலே கேமராவைக் கழற்றி இறக்குகிறவர்கள் ஏராளம்.

இன்டர்நெட் கனெக்‌ஷன் மாற்றியதும் வருகிற கோளாறு எல்லாவற்றிலும் முதன்மையானது. பழைய ரவுட்டர் 192.168.1.1 என்றிருக்கும். கேமரா போட்டவர் என்விஆருக்கு 192.168.1.200 என்று நிலையான ஐபி கொடுத்துவிட்டுப் போயிருப்பார். புதிதாக ஜியோஃபைபர் ரவுட்டர் வந்தால் அதன் முகவரி 192.168.29.1. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்பதால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். லேப்டாப் 29 வரிசையில், என்விஆர் 1 வரிசையில். லேன் போர்ட்டில் விளக்கு மட்டும் நன்றாகவே மினுக்கும், அதனால் 'கேபிள் சரிதானே' என்று எல்லாரும் வேறு பக்கம் தேடப் போய்விடுவார்கள்.

சரிசெய்வது எளிது. டிவியும் மவுஸும் மாட்டி, நெட்வொர்க் செட்டிங்கில் டிஎச்சிபியை (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறை) ஆன் செய்து சேமித்தால் புதிய ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கும். அதைக் குறித்துக்கொண்டு டிஎச்சிபியை ஆஃப் செய்து, அதே வரிசையில் நிலையான ஐபி கொடுங்கள். கேட்வேயிலும் (வெளியே போகும் வழி) டிஎன்எஸ்ஸிலும் (இணையப் பெயரை ஐபியாக மாற்றுவது) புதிய ரவுட்டரின் முகவரியைப் போட மறக்கக் கூடாது. ஐபியை மட்டும் மாற்றிவிட்டுக் கேட்வேயைப் பழையபடி விட்டால், வீட்டு வைஃபையில் படம் வரும், ஆப்பில் ஆஃப்லைன் என்றே நிற்கும். டிவி கைவசம் இல்லையென்றால் ஹிக்விஷனின் எஸ்ஏடிபி டூலை லேப்டாப்பில் போட்டு, அதே ரவுட்டரில் கேபிளால் இணைத்து ஓடவிடலாம்; வேறு வரிசையில் இருக்கிற என்விஆரும் அதில் தெரியும், அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்து அங்கிருந்தே முகவரியை மாற்றலாம்.

தனி போஇ ஸ்விட்ச்சில் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) பத்துப் பதினைந்து கேமராக்கள் நிலையான ஐபியோடு இருந்தால், ஒவ்வொன்றாக மாற்றப் போகாதீர்கள். புதிய ரவுட்டரின் லேன் முகவரியைப் பழைய 192.168.1.1 ஆக்கிவிட்டால் ஒரே மாற்றத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் ஐபி மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் என்விஆரின் முகவரியை யாரோ ஒருவர் போனுக்குக் கொடுத்துவிடும். கண்டுபிடிக்க நேரான வழி: என்விஆரை ஆஃப் செய்துவிட்டு லேப்டாப்பிலிருந்து அதன் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த முகவரியில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டரின் டிஎச்சிபி வரம்பை, அதாவது அது கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண்ணை, 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, என்விஆரையும் கேமராக்களையும் 200இலிருந்து மேலே வையுங்கள்.

என்விஆரின் பின்பக்க போஇ போர்ட்டுகளில் நேராக மாட்டிய கேமராக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஹிக்விஷன் என்விஆர் அவற்றுக்கு 192.168.254 வரிசையில் தானே முகவரி கொடுக்கும். டாஹுவா பிராண்டில் அது 10.1.1 வரிசை. வீட்டு நெட்வொர்க்கிலிருந்து அவற்றுக்குப் பிங் போகாது, கேமரா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கேமராவின் சொந்த செட்டிங் பக்கம் வேண்டுமானால் என்விஆரின் நெட்வொர்க் பகுதியில் 'விர்ச்சுவல் ஹோஸ்ட்' என்பதை ஆன் செய்யுங்கள். கேமரா பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க் வரும். நான்கு கேமரா வரை இந்த அமைப்பு வசதிதான். அதற்கு மேல் தனி போஇ ஸ்விட்ச்தான் நல்லது: என்விஆர் பழுதுக்குப் போனாலும் கேமராவை லேப்டாப்பில் பார்க்கலாம்.

ஸ்விட்ச்சில் வைத்தால் பாஸ்வேர்ட் சிக்கல் ஒன்று கூடவே வரும். கேமராவின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு என்விஆரில் மாற்றாமல் விட்டால், என்விஆர் பழைய பாஸ்வேர்டையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும், கேமரா பூட்டிக்கொள்ளும். அப்புறம் சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ளே விடாது. முதலில் என்விஆர் பட்டியலிலிருந்து அந்தக் கேமராவை நீக்கி, கேமராவை ரீஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் பொறுத்து, பிறகு சரியான பாஸ்வேர்டோடு சேர்க்க வேண்டும்.

வேறு பிராண்டு கேமராவை ஆன்விஃப் (பிராண்டுகளுக்குப் பொதுவான இணைப்பு முறை) மூலம் சேர்க்கும்போது பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் தவறு என்று சொன்னால் இரண்டு இடம் பாருங்கள். ஹிக்விஷன் கேமராவை வேறு பிராண்டு என்விஆரில் சேர்ப்பதானால், கேமராவின் புதிய ஃபர்ம்வேரில் (உள்ளிருக்கும் மென்பொருள்) ஆன்விஃப் முதலில் ஆஃபிலேயே இருக்கும். அதை ஆன் செய்து, அதற்கென்று தனி யூசரும் உருவாக்க வேண்டும். இன்னொன்று கடிகாரம். ஆன்விஃப் லாகின் நேரத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பதால், கேமராவும் என்விஆரும் வேறு வேறு நேரம் காட்டினால் மறுத்துவிடும். டைம் ஜோன் +5:30, என்டிபி (இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுப்பது) ஆன் என்று இரண்டிலும் வையுங்கள். என்விஆர் போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பின்னால் போய்விடும். ரெக்கார்டிங் தவறான தேதியில் பதிவாகி, தேடும் நாளில் 'ரெக்கார்ட் இல்லை' என்று வரும்.

பிரவுசரில் லாகின் ஆகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் அது பழைய பிளகின். குரோம் 2015இலேயே அந்த வகைப் பிளகின்களைக் கைவிட்டது; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. பழைய மாடலுக்கு எட்ஜில் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோடு போட வேண்டும். அந்தப் பக்கம் 30 நாளில் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். இதற்காகப் பெட்டியை மாற்றத் தேவையில்லை.

பகலெல்லாம் ஓடி, இருட்டியதும் ஒரு கேமரா விழுந்து எழுந்துகொண்டே இருந்தால் அது நெட்வொர்க் செட்டிங் விஷயமே இல்லை. இரவில் ஐஆர் (இருட்டில் பார்க்க உதவும்) விளக்கு எரியும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும். முழுச் செம்பு இல்லாத, செம்பு பூசிய அலுமினியக் கேபிள் நீளமாக ஓடினால் வோல்டேஜ் இறங்கிக் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். 802.3ஏஎஃப் என்ற தரத்திலுள்ள போஇ போர்ட் 15.4 வாட் அனுப்பினாலும் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான், அதுவும் நல்ல கேபிளில், 100 மீட்டருக்குள். இதற்குக் கேபிளை மாற்றுவது ஒன்றே தீர்வு. செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். கேமரா விழுகிற நேரம்தான் அது தேவைப்படுகிற நேரம்.

மழைக்காலம் முடிந்து ஒரு கேமரா மட்டும் செத்தால் ஏணி போட்டு ஏறி ஆர்ஜே45 ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுப் பின்களில் ஓரிரண்டு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், ஒன்று பாதி கரைந்தே போயிருக்கும். மின்சாரம் ஓடும் பின்னில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். கேமரா பெட்டிக்குள் வரும் வாட்டர்ப்ரூஃப் மூடியைப் பலர் போடாமல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். டேப் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். புது ஜாக் க்ரிம்ப் செய்து, அந்த மூடியைப் போட்டு, இணைப்பை ஜங்ஷன் பாக்ஸுக்குள் தள்ளுங்கள். கேபிள் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறுகிற மாதிரி விட்டால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

போனில் மட்டும் வரவில்லை என்றால் போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபை மற்ற சாதனங்களைப் பார்க்க விடாது. இன்டர்நெட் நின்ற நேரத்தில் ஆண்ட்ராய்டு போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை ஆஃப் செய்து பாருங்கள். மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்து என்விஆரை அதில் இணைத்திருந்தால், கீழ் ரவுட்டரில் உள்ள லேப்டாப்புக்கு அது தெரியாது. மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்புவது) மாற்றுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 80, 8000, 554 போர்ட்டுகளை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் எண்கள்) திறந்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். 2016இல் மிராய் என்ற மால்வேர் தொற்றியது ஃபேக்டரி பாஸ்வேர்டோடு திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான். 2021 செப்டம்பரில் வெளிவந்த ஹிக்விஷன் ஓட்டையில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகலாம். ஃபர்ம்வேர் அப்டேட்தான் அதை அடைத்தது. ரவுட்டரில் யுபிஎன்பியையும் ஆஃப் செய்யுங்கள், அது கேட்காமலே போர்ட் திறக்கும். ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அது சிஜிநாட், அதாவது இன்டர்நெட் நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்வது. அங்கே போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்தின் ஆப் வேண்டாம் என்பவர்கள், எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினியில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன்னைப் போட்டு, வீட்டு 192.168.1.0/24 வரிசையை சப்நெட் ரூட்டாக அறிவித்து, அட்மின் பக்கத்தில் அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டால், வெளியூரிலும் அதே 192.168.1.200 வேலை செய்யும். போய் இறங்கிய இடத்து வைஃபையும் 192.168.1 வரிசையாக இருந்தால் மட்டும் குழம்பும். அப்போது போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் படம் வந்துவிடும்.