ஸ்டீல் கிட்டாரிலிருந்து நைலானுக்கு: யமஹா சி40-ஆ, என்டிஎக்ஸ்1-ஆ?

ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் பழகிய கைக்கு நைலான் கிட்டாரில் முதலில் இடிப்பது கம்பி இல்லை, கழுத்தின் அகலம்தான். வழக்கமான அக்கூஸ்டிக்கில் நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) சுமார் 43 மி.மீ. அகலம் இருக்கும். சி40 மாதிரியான கிளாசிக்கல் கிட்டாரில் 52 மி.மீ., விரல்பலகையும் தட்டை. எஃப் பாரே (ஒரு விரலையே குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து ஆறாவது கம்பியை அழுத்துகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

என்டிஎக்ஸ்1-ஐ இப்படிப்பட்ட கைகளுக்காகவே செய்திருக்கிறார்கள். நட் 48 மி.மீ., விரல்பலகையில் லேசான வளைவு, கழுத்து உடலோடு சேர்வது 14-ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு). சி40-இல் அது 12. மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்ட உடலில் வெட்டிவிட்ட வளைவான கட்அவே உண்டு, ஆம்புக்கு ஒலியை அனுப்பும் பிக்கப்பும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் உடல் மெல்லியது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் முழு உடல் கிளாசிக்கலின் உருண்டையான அடித்தொனி கிடைக்காது. விலையும் கணிசமாகக் கூடுதல்.

என்னைக் கேட்டால், வீட்டில் வாசிப்பவருக்கு சி40 தாராளமாகப் போதும். விரலால் மீட்டுபவருக்கு அந்த அகலம் ஒரு வரம். வலது கை விரல்கள் ஒன்றையொன்று முட்டாது. பிக் பிடித்து ஸ்ட்ரம் செய்து மேடையில் பாடுபவர், நடுநடுவே ஸ்டீல் கிட்டாருக்கும் மாறுபவர் என்றால், கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து என்டிஎக்ஸ்1 வாங்குவதே சரி.

அப்புறம், எதை வாங்கினாலும் அதில் ஸ்டீல் கம்பியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த இழுவிசையில், கம்பிகளை உடலில் பிடித்திருக்கும் பிரிட்ஜே பெயர்ந்து வரலாம். புது நைலான் கம்பி சில நாள் தளர்ந்துகொண்டே இருக்கும். அதுவரை அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.