மென்னீராக்கியா, ஆர்.ஓ.வா? கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு கணக்கு

கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் கிணற்றுத் தண்ணீருக்கு யாழ்ப்பாணத்தில் பொதுவாக இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன: உப்பில் ஓடும் மென்னீராக்கி, தண்ணீரை அமுக்கி மென்சவ்வொன்றால் வடிக்கும் ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடுபரவல்) வடிகட்டி. எங்கள் தெரிவு ஆர்.ஓ. அதுவும் குடிக்க, சமைக்க மட்டும். குளிப்பும் துணியும் வன்னீரிலேயே நடக்கட்டும்.

முதலில் வன்மையை, அதாவது படிவுக்குக் காரணமான கல்சியம், மக்னீசியத்தின் அளவை, அளவிடுங்கள். 50 மி.லீ. தண்ணீரில் பீ.எச். 10 தாங்கற்கரைசலும் எரியோக்குரோம் பிளாக் நிறங்காட்டியும் விட்டு, 0.01 மோலர் ஈ.டி.டி.ஏ. கரைசலால் நியமிப்புச் செய்யுங்கள், அதாவது நிறம் மாறும் வரை துளித்துளியாக விடுங்கள். வைன் சிவப்பு முழுதாக நீலமாக வேண்டும். ஊதாவில் நிறுத்தினால் வாசிப்புக் குறையும். ஈ.டி.டி.ஏ. 20 மி.லீ. செலவானால் வன்மை லீற்றருக்கு 400 மி.கி. கல்சியம் காபனேற்று. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 400ஐ வைத்துத்தான்.

மென்னீராக்கி கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். 400 மி.கி. வன்மை போனால் லீற்றருக்கு 184 மி.கி. சோடியம் கூடும். நைத்திரேற்றை அது தொடாது. அதன் ரெசின் மணிகள் பிடிப்பது நேரயன்களை (நேரேற்றமுள்ள துகள்களை) மட்டும், நைத்திரேற்று எதிரேற்றமுள்ளது. தோட்ட உரமும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்கு அருகில் இருக்கும் வலிகாமத்தில் இது சின்ன விஷயமில்லை. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்றுப் போகாது. ஆவியாகும் அளவுக்குச் செறிவு ஏறும்.

முடிவைத் தீர்மானிப்பது உப்பு. 25 லீற்றர் ரெசின் உள்ள தொட்டியை எடுங்கள். நிரம்பிய ரெசினை உப்புநீரால் கழுவித்தான் மீண்டும் பயன்படுத்த முடியும். லீற்றர் ரெசினுக்கு 120 கிராம் உப்பு கொடுத்தால் ஏறக்குறைய 50 கிராம் வன்மையைப் பிடிக்கும். அதாவது 3,125 லீற்றர் தண்ணீருக்கு ஒருமுறை 3 கிலோ உப்பு. அதிலுள்ள குளோரைட்டு ஏறக்குறைய 1.8 கிலோ. அது முழுவதும் கழுவுநீரோடு வெளியே வரும். உப்புச்சுவை நாக்கில் தட்டத் தொடங்கும் அளவு லீற்றருக்கு 250 மி.கி. என்று வைத்தால், அந்த 1.8 கிலோ 7,200 லீற்றர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவரும். மென்மையாக்கியது 3,125, உவராக்கக்கூடியது அதன் இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்தக் கழுவுநீர் எங்கே போகும்? வளவுக்குள் ஒரு குழிக்குத்தான். கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மண் பல இடங்களில் மெல்லியது. குளோரைட்டை மண்ணும் பிடிக்காது, கல்லும் பிடிக்காது. உங்கள் கிணற்றுக்கு வராவிட்டால் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போகும். விற்கிறவர்கள் உப்பு மூட்டையின் விலையைச் சொல்வார்கள், குழியைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஆர்.ஓ.வும் தண்ணீரை வீணாக்கும்தான். நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால், 25 வீத மீட்பில் (உள்ளே போவதில் கால்வாசி மட்டும் நல்ல தண்ணீராக வந்தால்) 60 லீற்றர் கழிவாகப் போகும். ஆனால் அதில் இருப்பது கிணற்றில் ஏற்கெனவே இருந்த உப்புத்தான், ஏறக்குறைய 1.3 மடங்கு செறிவாக. புதிதாக எதுவும் சேரவில்லை. வாளியில் பிடித்து நிலம் கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். நைத்திரேற்றின் பெரும்பகுதியும் வடிகட்டியில் குறையும்.

பராமரிப்பில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. கழிவைக் குறைக்கிறோம் என்று கழிவுக் குழாயை நெரிப்பது முதலாவது. மீட்பு 75 வீதமானால் மென்சவ்வின் பக்கத்தில் வன்மை நாலு மடங்காகி, கல்சியம் காபனேற்று அங்கேயே படியும். மற்றது குளோரின். கிணற்றுக்குக் குளோரின் தூள் போட்ட பிறகு குளோரினைப் பிடிக்கும் கரி வடிகட்டி தளர்ந்திருந்தால் பொலியமைட்டு மென்சவ்வு சிதையும். அதற்கு மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். படிவென்றால் 2 வீத சிற்றிக்கமிலத்தால் கழுவிப் பார்க்கலாம். ரீ.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு) மானியால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாதமொருமுறை அளந்து எழுதுங்கள். உள்ளே 600க்கு வெளியே 60 காட்டியது 150 ஆகிவிட்டால் மென்சவ்வைச் சோதிக்க வேண்டிய நேரம்.

கடலோரத்து உவர்க் கிணறுகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே நீட்டக்கூடாது. அங்கே அமுக்கம், மீட்பு எல்லாமே வேறு. சுடுநீர்க் கொதிகலன் வைத்திருக்கும் விடுதிக்காரருக்கு மென்னீராக்கி தேவைப்படலாம். அப்படியென்றால் கொதிகலனுக்குப் போகும் குழாயில் மட்டும் பூட்டி, நேரக்கணக்கில் அல்லாமல் ஓடிய லீற்றர்க் கணக்கில் ரெசினைக் கழுவும் வகையாகப் பார்த்து வாங்கட்டும்.