மஞ்சள் பூத்த படம் கலர்ப் படமா?

பரந்தனில் மாமாவின் ஸ்டூடியோவில் ஸ்கான் செய்த பழைய படங்களைக் கலர், கறுப்பு வெள்ளை என்று இரண்டு ஃபோல்டராகப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பொறுமையில்லை, பைத்தனில் சின்ன நிரல் எழுதினேன்.

கணினியில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையான மூன்று எண்கள். கறுப்பு வெள்ளையில் மூன்றும் சமமாக இருக்க வேண்டும், ஆனால் ஸ்கான் செய்த படத்தில் கொஞ்சம் நிறம் ஏறிவிடுவதால் அதைப் பார்ப்பது சரிவராது. மிஞ்சியவை இரண்டு வழிகள்.

முதலாவது, சராசரிச் செறிவு, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தமானது என்பது. மூன்றில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுப்பது. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பில் இரண்டே வரி.

இரண்டாவது, ஹாஸ்லர், சூஸ்ட்ரங்க் என்ற ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட வண்ண அளவு. சிவப்பில் பச்சையைக் கழித்தது ஒன்று, சிவப்பு, பச்சை இரண்டின் சராசரியில் நீலத்தைக் கழித்தது இன்னொன்று. இவை படம் முழுவதும் எவ்வளவு சிதறுகின்றன என்பதோடு, சராசரியின் 0.3 மடங்கைக் கூட்ட வேண்டும். (ஓப்பன்சிவி நீலத்தை முதலில் தரும். அதை மறந்து ஒரு நாள் வீணானது.)

நான் இரண்டாவதன் பக்கம். காரணம் மஞ்சள்தான். இடப்பெயர்வுகளில் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுதிரிந்த படங்கள் இவை, தாளே பழுத்துவிட்டது. அப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சமான இடம் சிவப்பு 240, பச்சை 225, நீலம் 190. இருண்ட இடம் 60, 52, 40. இரண்டும் பாதிப்பாதி என்றால் சராசரிச் செறிவு 27 சதவீதம்! வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்து வெளிறிப்போன கலர்ப் படம் இதற்குக் கீழே வருகிறது. எந்த எண்ணுக்கு மேல் கலர் என்ற எல்லையை ஒவ்வொரு படக் கட்டுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது அளவிலும் அந்தப் படத்துக்கு 23 வந்தது. அப்புறம் சராசரிப் பங்கை வெட்டிவிட்டுச் சிதறலை மட்டும் வைத்தேன்: 14. மஞ்சள், படம் முழுவதையும் ஒரே பக்கமாகச் சாய்ப்பதால் சிதறல் பெரிதாவதில்லை. இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த கலர்ப் படத்தில் புல் 90, 130, 60. வானம் 150, 180, 210. இந்த இரண்டும் பாதிப்பாதி என்றால் சிதறல் 48. எல்லையை 25 இல் வைத்தேன், பிறகு தொடவில்லை.

ஊதா முத்திரை குத்திய பத்திரங்களில் இதை நம்பமாட்டேன். நிறம் சிறு மூலையில் இருந்தால் கணக்கில் கரைந்துவிடும். அவற்றைக் கண்ணால்தான் பிரித்தேன். கன்னத்துக்கும் உதட்டுக்கும் மட்டும் கையால் வர்ணம் தீட்டிய பழைய ஸ்டூடியோப் படங்களையும் நிரல் கறுப்பு வெள்ளையில் போட்டது. மாமா ஒன்றைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கலரில போடு. அம்மம்மா கலர்ப் படத்துக்கெண்டு காசு குடுத்தவா" என்றார். போட்டுவிட்டேன்.