நிறுத்தற் கடிகாரமா, இடுப்பில் கட்டும் உணரியா?

வன்னிக் கிராமமொன்றில் முதியோரின் நடையை அளப்பதற்கு இரண்டு வழிகள் கைக்கெட்டும்: நிறுத்தற் கடிகாரத்தால் நடைவேகத்தைக் கணிப்பது, அல்லது இடுப்பின் பின்புறம் கட்டும் ஆர்முடுகல் (வேகமாற்ற) உணரியால் ஒவ்வோர் அடியையும் பதிவுசெய்வது.

முதலாவதற்குச் சனசமூக நிலையத்தின் சீமெந்துத் தரையும் ஒரு சோக்குக்கட்டியும் போதும். ஆனால், செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் நடப்பவர் 4 மீற்றரை 5 செக்கனில் கடப்பாராகையால், முடிவில் பொத்தானை அரைச் செக்கன் பிந்தி அழுத்தினாலே அவரது வேகம் 0.73 எனப் பதிவாகி, உண்மையில் நிகழாத ஒரு தளர்ச்சியைக் காட்டிவிடும். 10 மீற்றரில் அதே பிழை 0.77 என்பதோடு நின்றுவிடும். எனவே தூரத்தைக் கூட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மீற்றரைக் கணக்கில் எடுக்காது விட்டு, "வழமையா நடக்கிற மாதிரி நடவுங்கோ, அம்மா" என்ற ஒரே அறிவுறுத்தலையே ஒவ்வொரு முறையும் கூறவேண்டும்.

உணரி, வேகம் காட்டாத அடிநேர ஏற்றத்தாழ்வையும் இடவலச் சமச்சீரின்மையையும் காட்டும். எனினும் அவற்றை நம்பகமாகக் கணிக்க ஏராளமான அடிகள் தேவை. ஊன்றுகோல் பிடிப்பவர், காலை இழுத்து நடப்பவர், செயற்கைக் கால் அணிந்தவர் (மிதிவெடியால் காலிழந்த பலர் இங்கு முதுமையை எட்டுகின்றனர்) ஆகியோரின் அடிகளை மென்பொருள் தவறவிடக்கூடும். சேலைக்கு மேல் கட்டிய பட்டி நழுவினாலும் பதிவு மாறும்.

மாதாந்தக் கண்காணிப்புக்கு நான் கடிகாரத்தையே தெரிவுசெய்வேன். அடிக்கடி விழுபவரின் நடையை ஆராய மட்டும் உணரியை நாடுவேன்.