மெல்லிய பிரீமியம் லேப்டாப் தொழில்முறை வேலைக்குத் தாங்குமா? மூன்று வகைகள் நேருக்கு நேர்

புதிய பிரீமியம் லேப்டாப் ஒன்று வந்ததும் எடை, திரை, பெஞ்ச்மார்க் எண் இவற்றைத்தான் எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். லேப்டாப்பை நம்பிப் பிழைப்பவருக்கு இவை மூன்றும் இரண்டாம் பட்சம். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலும் வேகம் நிற்கிறதா, மெமரி எங்கே முட்டுகிறது, பழுதானால் எத்தனை நாள் வேலை முடங்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம். இந்த அலசலும் அந்த மூன்றையே அளவுகோலாக வைக்கிறது.

எடுத்துக்கொண்டவை மூன்று வகை. முதலாவது, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 14 அங்குல மேக்புக் ப்ரோ, எம்4 ப்ரோ சிப்புடன். இரண்டாவது, இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசை சிப் பொருத்திய மெல்லிய விண்டோஸ் லேப்டாப்கள். மூன்றாவது, லெனோவோவின் திங்க்பேட் பி1, பி16 போன்ற மொபைல் ஒர்க்ஸ்டேஷன்கள், அதாவது கனமான பொறியியல், கிராபிக்ஸ் வேலைக்கான லேப்டாப்கள். சிப் ஆண்டுக்காண்டு மாறும். ஆனால் இந்த மூன்று உடல்வாகும், அவற்றின் பலமும் பலவீனமும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அதனால் அடுத்த தலைமுறையை வாங்குபவருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

பெயரில் "ப்ரோ" இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு 2016 மேக்புக் ப்ரோவே பதில் சொல்லிவிட்டது. மெலிதாக்குவதற்காக எஸ்டி கார்டு ஸ்லாட், எச்டிஎம்ஐ, காந்த சார்ஜர் எல்லாம் போயின. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர்3 மெமரியைத் தேர்ந்ததால் 16 ஜிபிக்கு மேல் போட வழியில்லை. பட்டர்ஃபிளை கீபோர்டில் தூசி புகுந்தால் விசை சிக்கிக்கொள்ளும், அல்லது ஒரே எழுத்து இரண்டு முறை விழும். அதற்கு 2018இல் இலவசப் பழுதுநீக்கும் திட்டம் ஒன்றையே ஆப்பிள் அறிவிக்க நேர்ந்தது. பழைய வகைக் கீபோர்டு 2019 இறுதியில் 16 அங்குல மாடலில் திரும்பியது. ஸ்லாட்டும் எச்டிஎம்ஐயும் காந்த சார்ஜரும் 2021இல் திரும்பின, லேப்டாப்பும் தடித்தது. அன்று குறை சொன்ன தொழில்முறைப் பயனர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெப்பம்: வேறுபாடு தெரியும் இடம்

ஒரு சிப் எவ்வளவு வேகமானது என்பதை அதன் பெயர் சொல்லாது. எத்தனை வாட்டை எவ்வளவு நேரம் அதற்குக் கொடுக்க முடிகிறது என்பதுதான் சொல்லும். இன்டெல் சிப்களில் இரண்டு வரம்புகள் உண்டு: சிறிது நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு ஒன்று, தொடர்ந்து ஓடும்போது இறங்கி நிற்கும் வரம்பு ஒன்று. கோர் அல்ட்ரா 200வி வரிசையில் பெரும்பாலான சிப்களுக்கு அடிப்படை 17 வாட், உச்சம் 37 வாட். பி1 ஏழாம் தலைமுறையில் கிடைக்கும் கோர் அல்ட்ரா 9 185எச் சிப்புக்கு 45, 115. பி16 இரண்டாம் தலைமுறையில் இருக்கும் எச்எக்ஸ் சிப்களுக்கு 55, 157.

விரிதாளைத் திறப்பது, இணையப் பக்கத்தை ஏற்றுவது, புகைப்படத்தில் ஒரு ஃபில்டர் போடுவது போன்றவை உச்ச வரம்புக்குள் நொடிகளில் முடிந்துவிடும். அங்கே மெல்லிய லேப்டாப் எதற்கும் சளைத்ததல்ல. பெரிய புராஜெக்ட்டின் நிரலைக் கம்பைல் செய்வது (இயங்கும் வடிவுக்கு மாற்றுவது), 4கே வீடியோ எக்ஸ்போர்ட், 3டி ரெண்டர் என்று போனால் கதை வேறு. உடலின் உலோகம் சூடேறியதும் வெப்பத்தை வெளியே தள்ள விசிறிக்கும் ஹீட் பைப்புக்கும் இடம் போதாது. சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2018 ஜூலையில் 15 அங்குல மேக்புக் ப்ரோவின் ஐ9 மாடல் நீண்ட ரெண்டரில் திணறியது பெரிய விவாதமானது. சில நாள்களில் ஒரு மென்பொருள் திருத்தம் வந்து நிலைமை மேம்பட்டது. உடல் தாங்காத இடத்தில் விலை உயர்ந்த சிப்பைச் சொருகினால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல பாடம்.

கிராபிக்ஸ் சிப்பிலும் இதே கதை, இன்னும் மோசமாக. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4070 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவும் இருக்கலாம். மெல்லிய உடலில் இருக்கும் 4070ஐத் தடித்த உடலில் இருக்கும் 4060 முந்திவிட முடியும். போதாததற்கு, மேசைக் கணினியில் இருக்கும் 4070க்கு 12 ஜிபி மெமரி, லேப்டாப் 4070க்கு 8 ஜிபி. 4090 என்றால் 24க்கு 16. ஆகவே விவரப் பட்டியலில் கிராபிக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் வாட் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்சார இணைப்பைப் பிடுங்கியதும் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். பி16க்கு 230 வாட் அடாப்டர் தேவைப்படுகிறது. அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரியால் தர முடியாது. அதனால் பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகம் கணிசமாக விழும். பேட்டரியைப் பெரிதாக்கலாமே என்றால் விமானப் பயண விதி குறுக்கே நிற்கிறது: 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஆகவே எவ்வளவு பெரிய லேப்டாப்பானாலும் பேட்டரி அந்த எல்லைக்குள்தான். பி16இல் 94, 14 அங்குல மேக்புக் ப்ரோவில் 72.4. மேக்கில் சிப்பின் மொத்த மின்தேவையே குறைவு என்பதால் சொருகியிருந்தாலும் பிடுங்கியிருந்தாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். வெளியிடங்களில் உட்கார்ந்து எடிட் செய்பவருக்கு இந்த ஒரு குணமே போதும், முடிவெடுத்துவிடலாம்.

மேக்கிலும் ஒரு எல்லை உண்டு. 14 அங்குல உடலுக்குள், எம்4 ப்ரோவைவிடப் பெரிய எம்4 மேக்ஸ் சிப்பைப் போட்டால் நீண்ட வேலையில் விசிறி சத்தம் தெளிவாகக் கேட்கும், 16 அங்குலத்தில் இருக்கும் அதே சிப்பின் வேகம் கிடைக்காது. மேக்ஸ் வேண்டுமென்றால் 16 அங்குலம் வாங்குங்கள். 14க்கு ப்ரோ சிப்தான் பொருத்தம்.

மெமரி: வாங்கிய பிறகு மாற்ற முடியாதது

கோர் அல்ட்ரா 200வி சிப்களில் மெமரி சிப்போடு சேர்ந்தே வருகிறது. 16 அல்லது 32 ஜிபி. அதற்கு மேல் எந்த நிறுவனமும் போட முடியாது. 14 அங்குல எம்4 ப்ரோவில் 24 அல்லது 48. பி1 ஏழாம் தலைமுறை எல்பிகேம்2 என்ற புதிய வகை மாட்யூலுடன் வந்தது. திருகைக் கழற்றி மாற்றலாம், 64 ஜிபி வரை. பி16இல் நான்கு ஸ்லாட், 192 ஜிபி வரை. நான்கையும் நிரப்பினால் மெமரி வேகம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, இப்போதுள்ள கணினியே சொல்லும். வேலை உச்சத்தில் இருக்கும்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் "கமிட்டட்" என்ற எண்ணைப் பாருங்கள். அதில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எண் 26 என்று காட்டினால் 32 ஜிபி லேப்டாப்பில் ஓரிரு ஆண்டுகளில் முட்டும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் மஞ்சளாகிறதா, ஸ்வாப் (மெமரி போதாமல் எஸ்எஸ்டியில் கடன் வாங்கும் இடம்) சில ஜிபியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒரு டெவலப்பரின் நாளை எடுத்துக்கொள்வோம். விர்ச்சுவல் மெஷினுக்கு (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) 8, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கு 8, எடிட்டரும் அதன் துணை நிரல்களும் 5, பிரவுசர் 5, இயங்குதளம் 4: கூட்டினால் 30 ஜிபி. 24 ஜிபி மேக்கில் இது ஸ்வாப்பில்தான் ஓடும். ஓடும், ஆனால் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் ஒரு தயக்கம் தெரியும்.

மேக்கின் பெரும் பலம், சிபியூவும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பகிர்வது. 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியில் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அடுக்கினால் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் "ஜிபியூ மெமரி ஃபுல்" என்று நின்றுவிடும். 48 ஜிபி மேக்கில் அந்தத் தடை வெகு தூரத்தில் இருக்கிறது.

சாட்பாட்களுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடல்களை லேப்டாப்பிலேயே ஓட்ட நினைப்பவர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். மேக்கில் கிராபிக்ஸ் பயன்படுத்த இயல்பாக அனுமதிக்கப்படுவது மொத்த மெமரியில் சுமார் முக்கால் பங்குதான். 48 ஜிபியில் அது 36. நான்கு பிட்டாகச் சுருக்கிய 70 பில்லியன் அளவுரு மாடலுக்கு ஏறக்குறைய 40 ஜிபி தேவை, உள்ளே போகாது. 32 பில்லியன் மாடலுக்குச் சுமார் 20 ஜிபி போதும். ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) மாடல் முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால், எம்4 ப்ரோவின் நொடிக்கு 273 ஜிபி வேகத்தை 20ஆல் வகுத்தால் நொடிக்கு 13 டோக்கன் என்பது உச்சவரம்பு. நடைமுறையில் அதற்கும் கீழே. உரையாடலுக்குப் போதும், ஆயிரக்கணக்கான ஆவணங்களை அலச உட்கார்ந்தால் பொறுமை சோதிக்கப்படும்.

மென்பொருள் ஒத்துவராவிட்டால் மற்றதெல்லாம் வீண்

பொறியியல், கட்டட வரைபடங்களுக்கான (கேட்) மென்பொருள்களான சாலிட்ஒர்க்ஸ், ரெவிட் இரண்டும் மேக்கில் நேரடியாக ஓடாது. ஆப்பிளின் சொந்த சிப் கொண்ட மேக்கில், விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் என்ற மென்பொருளுக்குள், ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸை ஓட்டலாம், ஆனால் பெரிய அசெம்பிளி வரைபடங்களோடு மல்லுக்கட்ட அது சரியான வழியல்ல. என்விடியா கிராபிக்ஸ் சிப்புக்கான குடா என்ற நிரல் தளத்தை நம்பிய ஆராய்ச்சிப் பணி, ரெண்டர் எஞ்சின் எதற்கும் மேக் ஆகாது. இந்தப் பட்டியலில் உங்கள் மென்பொருள் ஒன்று இருந்தாலும் விவாதம் அங்கேயே முடிந்தது: தடித்த ஒர்க்ஸ்டேஷன்தான், மூன்று கிலோவைத் தொட்டாலும் சரி. மென்பொருள் நிறுவனங்களின் சான்று பெற்ற டிரைவர்கள் அதில்தான் கிடைக்கும். வரைபடத்தில் கோடுகள் மறைவது, மாடல் திரும்பும்போது புரோகிராம் மூடிக்கொள்வது போன்ற தொல்லைகளுக்கு உதவி கேட்டால், முதலில் அந்தச் சான்றைத்தான் கேட்பார்கள்.

இரண்டாம் வகைக்கு மாற்றாக ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்பையும் சிலர் பார்க்கிறார்கள். சாதாரண மென்பொருள்கள் எமுலேஷனில் (இன்டெல் சிப்பைப் போல நடித்து) ஓடிவிடும். டிரைவர்கள் அப்படி ஓடாது. ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய ஸ்கேனர், ஆடியோ இன்டர்ஃபேஸ், லைசன்ஸ் டாங்கிள் (மென்பொருள் உரிமத்துக்கான யுஎஸ்பி சாவி), அலுவலக விபிஎன் ஒவ்வொன்றையும் சோதிக்காமல் இறங்க வேண்டாம்.

போர்ட்டும் திரையும்

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் மேக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண யுஎஸ்பி-சி ஹப்பைச் சொருகினால் விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு தனித் திரைகள் வரும். மேக்கில் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். ஒரே இணைப்பில் பல திரைகளை அனுப்பும் எம்எஸ்டி முறையை மேக்ஓஎஸ் அப்படிப் பயன்படுத்துவதில்லை. மேக்குக்கு ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயிலும் மற்றொன்றைத் தண்டர்போல்ட் போர்ட்டிலும் தனித்தனியே கொடுங்கள், அல்லது தண்டர்போல்ட் டாக் வாங்குங்கள். மலிவான ஹப்பில் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் இழுத்து இழுத்து ஓடினால் மானிட்டரைக் குறை சொல்லாதீர்கள். கேபிளின் பாதி வழித்தடத்தை யுஎஸ்பி 3 எடுத்துக்கொள்வதால் வரும் நெருக்கடி அது.

திரையில் மேக்கின் மினி எல்இடி பிரகாசத்தில் முன்னே நிற்கிறது. மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களின் ஓஎல்இடி கறுப்பில் அழகு, ஆனால் குறைந்த பிரகாசத்தில் சில பேனல்கள் மினுக்குவதால் கண் வலிக்கும். நாள் முழுக்க ஒரே டூல்பார் நின்றால் ஓஎல்இடியில் அதன் தடம் பதியலாம்; அப்படிப்பட்ட வேலைக்குப் பளபளக்காத (மேட்) ஐபிஎஸ் எல்சிடி திரையே நிம்மதி.

பழுதானால்

மேக்கில் எஸ்எஸ்டி போர்டோடு சேர்ந்தது. போர்டு போனால் தரவும் போனதாகவே எண்ணி, தினமும் தானாக பேக்கப் ஓடும்படி வையுங்கள். மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் கழற்றலாம், மெமரியை முடியாது. பி16இல் எஸ்எஸ்டி, மெமரி, பேட்டரி எல்லாமே ஸ்க்ரூடிரைவர் தூரத்தில் இருக்கின்றன. இடத்துக்கே வந்து சரிசெய்யும் சேவையையும் சேர்த்து வாங்கலாம். இறுதித் தேதியோடு வேலை செய்பவருக்கு அந்தச் சேவை ஒரு படி உயர்ந்த சிப்பைவிடப் பெறுமதியானது.

ஆகவே, வீடியோ, புகைப்படம், இசை, மேக்கில் ஓடும் நிரலாக்கம் என்றால் 48 ஜிபி எம்4 ப்ரோ. ஸ்டோரேஜைக் குறைத்து வெளி எஸ்எஸ்டி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மெமரியில் கை வைக்காதீர்கள். எழுத்து, கணக்கு, கூட்டங்கள், ஓயாத பயணம் என்றால் 32 ஜிபியோடு மெல்லிய விண்டோஸ் லேப்டாப் முழுமையான தொழில்முறைக் கருவிதான். அதற்கு மேல் செலவழிப்பது வீண். கேட், குடா என்றால் பி வகை.

எதை வாங்கினாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். சினிபெஞ்ச் 2024 என்ற வேகச் சோதனையின் மதிப்பெண்ணை முதலில் ஒரு முறையும், அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பிறகு ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்துக்குள் சரிந்தால் நல்லது, கால்வாசி சரிந்தால் அந்த உடல் உங்கள் வேலைக்குப் போதாது. அதையே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். கடைசியாக, 200 ஜிபி கோப்புறை ஒன்றை வேகமான வெளி எஸ்எஸ்டியிலிருந்து உள்ளே காப்பி செய்யுங்கள். தொடக்கத்தில் பறந்த வேகம் பாதியில் பொத்தென்று விழுந்தால், முதலில் வெளி எஸ்எஸ்டியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரிய வீடியோக் கோப்புகளோடு வேலை செய்பவர் அதைத் திருப்பித் தந்துவிடலாம்.