மார்க்கா, மலரா, கண்காட்சியா: டெல்டாவில் ஒரு தொடக்கப்பள்ளித் தேடல்

என் மகள் அடுத்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். கும்பகோணத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் 'இன்டர்நேஷனல்' பலகை. அந்தச் சொல் இருப்பதாலேயே உள்ளே ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்), கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடக்கிறது என்று அர்த்தமில்லை. விசாரித்தால் சிபிஎஸ்இ பாடமாக இருக்கும். அதனால் பலகையை விட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை எப்படி, எந்த மொழியில் அளக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்தப் புத்தியைக் கொடுத்தவன் என் அக்கா மகன். நாலாம் வகுப்பு, இருமொழிப் பள்ளி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் பள்ளி. கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி: ரவியிடம் 45 கோலி, மீனாவிடம் 28, மீனாவைவிட ரவியிடம் எத்தனை அதிகம்? கேள்வி ஆங்கிலத்தில். 'மோர்' (more) என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டையும் கூட்டி 73 என்று எழுதிவிட்டான். சிவப்பு மையில் தப்பு. அன்று சாயங்காலம் திண்ணையில் அப்பா கேட்டார்: "தம்பி, மேல வயலுக்கு 45 கட்டு நாத்து போச்சு, கீழ வயலுக்கு 28. மேல வயலுக்கு எத்தனை கட்டு கூட?" பையன் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டே "பதினேழு தாத்தா" என்றான். பள்ளியிலிருந்து வந்த ரிப்போர்ட் கார்டில் மட்டும் 'கணக்கில் கவனம் தேவை'.

கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது இதைத்தான். இரண்டாம் மொழியில் பேசிப் பழக ஒன்றிரண்டு வருடம் போதும்; பாடத்தை அந்த மொழியில் யோசித்து எழுத ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பாதையில் நடுவழியில் நிற்கிறான்.

சரி, பாடத்திட்டங்களுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பிரைமரி ஆறு படிகள் கொண்டது. ஒவ்வொரு படியிலும் எதைக் கற்க வேண்டும் என்பது தெளிவாக எழுதியிருக்கும். மூன்றாம் படியிலிருந்து ஆங்கிலம், கணக்கு, அறிவியலுக்கு வகுப்பு ஆசிரியரே திருத்தும் தேர்வுகள் உண்டு. ஆறாம் படி முடிவில் பள்ளி விரும்பினால் 'செக்பாயிண்ட்' என்ற தேர்வு, அதன் விடைத்தாளை கேம்பிரிட்ஜ் திருத்தும். பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று பெற்றோருக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தப் பாடத்திட்டத்துக்குள் தமிழ் கிடையாது. 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்காகத் தமிழ் ஒரு பாடமாக வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

1997-இல் தொடங்கிய ஐபியின் தொடக்கப்பள்ளித் திட்டமான பிஒய்பி வேறு ஜாதி. ஆறு பெரிய கருப்பொருள்கள். அவற்றுக்குள் கணக்கும் அறிவியலும் மொழியும் கலந்து வரும். நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். 'உலகம் எப்படி இயங்குகிறது' என்ற தலைப்பில் தண்ணீரை எடுத்தால் மேட்டூரிலிருந்தே தொடங்கலாம். ஜூன் 12-இல் அணை திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. வாய்க்கால் மதகில் பத்து நாள் அளவெடுத்தால் கணக்கும் வந்துவிடும், தாத்தாவிடம் கேட்டு எழுதினால் தமிழும் வந்துவிடும். வெளித்தேர்வு இல்லை; பிள்ளையின் வேலைகளைச் சேர்த்துவைத்த கோப்பு, கடைசி வருடத்தில் ஒரு கண்காட்சி. நல்ல ஆசிரியர் கையில் இது அமிர்தம். சுமாரான ஆசிரியர் கையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும்தான், அதையும் ராத்திரி அம்மாதான் ஒட்டுவாள். அப்புறம், 'ஐபி பாணி' வேறு, அங்கீகாரம் பெற்ற ஐபி பள்ளி வேறு. ஐபியின் தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

தெருக்கோடி அரசுப் பள்ளியை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்தேன். கொரோனா காலத்தில் விட்டுப்போனதை ஈடுகட்ட 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று இருக்கும் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அங்கிருந்தே தொடக்கம். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் 'தனிப்பட்ட கற்றல்' என்று பேசுவதும் இதைத்தானே? குறை என்னவென்றால், பல ஊர்களில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலமும் மெதுவாகத்தான் வரும்.

என்னைக் கேட்டால், வீட்டில் தமிழ் வாசிப்பு உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு கேம்பிரிட்ஜ் பரவாயில்லை. என் மகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஆகவே போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன்: மூன்றாம் வகுப்பில் தமிழில் எழுதிய அறிவியல் நோட்டு ஒன்றைக் காட்ட முடியுமா? ஒரு பள்ளியில், "தமிழ் பீரியடுக்கு மட்டும்தான் சார் தமிழ்" என்றார்கள். இன்னொரு பள்ளியில் ஆசிரியை அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பயறு முளைக்கும் படம், கீழே தமிழில் நாலு வரி, எதிர்ப்பக்கம் ஆங்கிலத்தில் மூன்று வரி. பையன் 'வேர்' என்பதை 'வேறு' என்று எழுதியிருந்தான். ஆசிரியை பென்சிலால் வட்டம் போட்டுத் திருத்தியிருந்தார். அறிவியல் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. விண்ணப்பத்தை அங்கே வாங்கினேன்.